ஆறு ஓட்டம், பத்து நொடி ஓய்வு: விளையாட்டு வீரர்களின் வேகத்தையும் களைப்பையும் ஒப்பிடுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல்கலைக்கழக அணிகளுக்கு ஓட்டச் சோதனை வைத்துக் கணக்குப் போட்டுக் கொடுக்கும் வேலையைச் சில ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். கபடி, கால்பந்து, ஹாக்கி, கூடைப்பந்து, தடகளம் என்று எந்த அணி வந்தாலும் சந்தேகங்கள் மாறுவதில்லை. மாணவர்களும் பயிற்சியாளர்களும் ஆய்வேடு எழுதுகிறவர்களும் கேட்டவற்றை, அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன்.

1. ஸ்பிரிண்ட் டெஸ்ட்டுன்னா 100 மீட்டர் ஓடவிட்டுப் பார்த்தால் போதாதா சார்?

100 மீட்டர் ஓடுகிறவருக்கு அது போதும். ஆனால் கால்பந்திலோ ஹாக்கியிலோ ஒருவர் நேராக 100 மீட்டர் ஓடும் சந்தர்ப்பம் அபூர்வம். பத்து, இருபது, முப்பது மீட்டர் என்று பாய்ந்து, கொஞ்சம் நடந்து, மூச்சு அடங்குவதற்குள் மறுபடி பாய வேண்டியிருக்கிறது. கபடியில் ஆண்கள் ஆடும் களமே 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம்தான். பாடிப் போகிறவருக்கு 30 நொடி. அதற்குள் எத்தனை முறை பாய்ந்து பின்வாங்குகிறார் என்று எண்ணிப் பாருங்கள்.

ஆகவே அளக்க வேண்டியவை இரண்டு. ஒரே ஓட்டத்தில் எவ்வளவு வேகம் என்பது ஒன்று. அதே வேகத்தை அடுத்தடுத்து எத்தனை முறை எடுக்க முடிகிறது என்பது இன்னொன்று. இரண்டும் ஒரே ஆளிடம் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்பதில்லை.

2. ராஸ்ட் டெஸ்ட் என்கிறீர்களே, அதில் என்ன செய்ய வேண்டும்?

35 மீட்டர் தூரத்தை முழு வேகத்தில் ஆறு முறை ஓட வேண்டும். ஒவ்வோர் ஓட்டத்துக்கும் நடுவே 10 நொடி இடைவெளி, அவ்வளவுதான். இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் 1997-இல் உருவான முறை இது. அதற்கு முன்னால் இருந்தே இஸ்ரேலின் விங்கேட் நிறுவனம் உருவாக்கிய 30 நொடி சைக்கிள் சோதனை பெயர் பெற்றிருந்தது. ஆனால் அதற்கு விலை கூடிய சைக்கிள் வேண்டும். ஓடுகிறவரைச் சைக்கிள் மிதிக்கவிட்டு அளப்பதும் முழுதாகப் பொருந்தாது. ராஸ்டுக்கு நாடா, நான்கு கோன், இரண்டு ஸ்டாப்வாட்ச், எடை பார்க்கும் கருவி இருந்தால் போதும்.

ஒருவர் ஓட்ட நேரத்தை எடுக்க, இன்னொருவர் 10 நொடியை உரக்க எண்ண வேண்டும். ஓடி முடித்தவர் அந்தப் பக்கத்துக் கோட்டிலேயே திரும்பி நின்று, அங்கிருந்து அடுத்த ஓட்டத்தைத் தொடங்குகிறார். மொத்தமும் ஒன்றரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். பார்க்க எளிது. நான்காவது ஓட்டத்தில்தான் எவ்வளவு கடினம் என்று தெரியும்.

3. ஓடின நேரத்தை வைத்து எப்படி பவர் கணக்கிடுகிறார்கள்?

உடல் எடையை (கிலோ) தூரத்தின் வர்க்கத்தால் பெருக்கி, நேரத்தின் கனத்தால் (நேரம் × நேரம் × நேரம்) வகுக்க வேண்டும். தூரம் 35 மீட்டர் என்பதால் அதன் வர்க்கம் எப்போதும் 1225. விடை வாட் அளவில் வரும். உண்மையான பவரை அப்படியே அளந்ததாக இதைக் கொள்ளக் கூடாது, தோராயமான மதிப்பீடுதான்.

ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். ராமு என்று வைத்துக்கொள்வோம். எடை 60 கிலோ. ஆறு ஓட்டங்கள்: 5.00, 5.10, 5.25, 5.40, 5.55, 5.60 நொடி. மொத்தம் 31.90 நொடி. முதல் ஓட்டத்தில் பவர் 588 வாட், கடைசியில் சுமார் 419 வாட். இந்த இரண்டின் வித்தியாசத்தை மொத்த நேரத்தால் வகுத்தால் நொடிக்கு 5.3 வாட். இதைத்தான் ராஸ்டில் சோர்வுக் குறியீடு என்கிறோம்.

பவர் இல்லாமல் நேரத்தை மட்டும் வைத்தும் பார்க்கலாம். ஆறு ஓட்டத்தையும் தன் சிறந்த நேரமான 5.00-இல் ஓடியிருந்தால் 30 நொடி ஆகியிருக்கும். ஆனது 31.90. ஆக 6.3 சதவீதம் இழப்பு. சோர்வுக் குறியீடு, சதவீத இழப்பு இரண்டையும்தான் பொதுவாகக் களைப்பு எண் என்கிறார்கள். எனக்கு இந்தச் சதவீதக் கணக்குதான் பிடிக்கும். ஏன் என்று 9-ஆம் கேள்வியில் சொல்கிறேன்.

4. களைப்பு எண் குறைவாக வந்தவன்தான் நல்ல பிளேயர், சரிதானே?

சரியில்லை. இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான். மேலே பார்த்த ராமுவோடு சோமு என்று இன்னொருவரையும் சேர்த்துக்கொள்வோம். அவரும் 60 கிலோ. ஓட்டங்கள்: 5.30, 5.35, 5.40, 5.45, 5.50, 5.50. மொத்தம் 32.50 நொடி. இழப்பு 2.2 சதவீதம்தான். சோர்வுக் குறியீடு நொடிக்கு 1.6 வாட். களைப்பு எண்ணை மட்டும் பார்த்தால் சோமு ராமுவைவிட எங்கேயோ இருக்கிறார்.

இப்போது ஓட்டங்களை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பாருங்கள். முதல் மூன்றும் ராமுவுக்கு, நான்காவதிலும் அவரே 0.05 நொடி முன்னால். ஐந்தாவதிலும் ஆறாவதிலும் மட்டுமே சோமு முந்துகிறார், அதுவும் 0.05, 0.10 நொடி. மொத்தத்தில் ராமு 0.60 நொடி முன்னால் இருக்கிறார். பந்தை நோக்கி ஓடும்போது யார் முதலில் போய்ச் சேர்கிறார் என்பதுதான் கணக்கு. தன்னுடைய சொந்த வேகத்தில் எத்தனை சதவீதம் குறைந்தது என்பது எதிராளிக்குத் தெரியவும் தெரியாது.

வேகமாகத் தொடங்குகிறவருக்கு இழப்பதற்கு நிறைய இருக்கிறது. மெதுவாகத் தொடங்குகிறவருக்கு இழக்க ஒன்றுமில்லை. அதனால் முதலில் மொத்த நேரத்தைப் பாருங்கள். அப்புறம் சிறந்த ஓட்டம். களைப்பு எண்ணுக்கு மூன்றாவது இடம்தான். அதை மட்டும் வைத்து ஒரு மாணவரை அணியிலிருந்து எடுத்தால் அது அநியாயம். அப்படி நடந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

5. அந்தப் பத்து நொடி ஓய்வில் உடம்புக்குள் என்னதான் நடக்கிறது?

தசை சுருங்க ஏ.டி.பி. வேண்டும், செல்லுக்கு உடனடி ஆற்றல் தரும் மூலக்கூறு அது. தசையில் சேமிப்பாக இருக்கும் ஏ.டி.பி. முழு வேகத்தில் ஓரிரு நொடிக்குத்தான் காணும். உடனே கைகொடுப்பது, ஏ.டி.பி.யை மறுபடி உருவாக்கித் தரும் கிரியேட்டின் பாஸ்பேட் என்ற சேமிப்பு. அதோடு தசையில் சேமித்துவைத்த சர்க்கரையான கிளைகோஜனை ஆக்சிஜன் இல்லாமலேயே உடைத்தும் தசை ஆற்றல் எடுக்கிறது. ஐந்தாறு நொடி ஓட்டத்தில் இந்த இரண்டும்தான் பெரும் பங்கு.

செலவான கிரியேட்டின் பாஸ்பேட்டில் பாதி திரும்பி வரவே ஏறக்குறைய அரை நிமிடம் வேண்டும். முழுதாக நிரம்ப மூன்று முதல் ஐந்து நிமிடம் ஆகும். பத்து நொடியில் பை கால்வாசி கூட நிரம்புவது கடினம். அதற்குள் விசில் ஊதிவிடுகிறோம். 1993-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், சைக்கிளில் 6 நொடி முழு வேகத்தில் பத்து முறை, நடுவில் 30 நொடி ஓய்வு என்று வைத்துத் தசையைச் சோதித்தார்கள். அரை நிமிட ஓய்வு கொடுத்தும் பத்தாவது முறையில் சராசரி பவர் முதல் முறை இருந்ததில் 73 சதவீதம்தான் இருந்தது. கிளைகோஜன் வழியாக வரும் பங்கும் வெகுவாகச் சுருங்கிவிட்டது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கிரியேட்டின் பாஸ்பேட் திரும்ப உருவாவதற்கு ஆக்சிஜன் தேவை. உடற்பயிற்சி முடிந்ததும் காலுக்குப் போகும் ரத்தத்தைப் பட்டை கட்டி நிறுத்திவைத்தால் அது உருவாவது நின்றுவிடுகிறது. ஓடும்போது ஆக்சிஜன் அதிகம் வேலை செய்யாவிட்டாலும், ஓட்டங்களுக்கு நடுவே அதுதான் வேலை செய்கிறது. நீண்ட தூரம் ஓடிப் பழகியவர்கள் சீக்கிரம் மீள்வதற்குப் பெரிய காரணம் இது.

6. அப்படியென்றால் ஸ்பிரிண்டர்களுக்கு ஏன் களைப்பு அதிகமாகக் காட்டுகிறது? அவர்கள்தானே நன்றாகப் பயிற்சி எடுத்தவர்கள்?

வேகமாகச் சுருங்கும் தசை நார்கள் அவர்களிடம் கூடுதல். அந்த நார்கள் அதிக பவர் தரும், சீக்கிரம் களைத்தும் போகும். 100 மீட்டர் ஓடுகிறவர் ஒரு ஓட்டம் முடிந்தால் பல நிமிடம் உட்கார்ந்து எழுந்துதான் அடுத்ததை ஓடுவார். பத்து நொடியில் மீள அவர் உடம்பைப் பழக்கவே இல்லை.

பொதுவாகப் பார்த்தால் குறுந்தூர ஓட்டக்காரர்கள் முதல் ஓட்டத்தில் முன்னால் நிற்பார்கள், சரிவும் அவர்களுக்கே அதிகம். நெடுந்தூரக்காரர்கள் மெதுவாகத் தொடங்கிச் சரியாமல் ஓடுவார்கள். கால்பந்து, ஹாக்கிக்காரர்கள் இந்த இரண்டுக்கும் நடுவே வருவார்கள். இதில் யாருக்கும் குறை கிடையாது. அவரவர் விளையாட்டு எதைக் கேட்கிறதோ அதை உடம்பு கொடுக்கிறது.

7. 100 மீட்டரில் ஜெயிக்கிறவர்கள் கடைசிவரை வேகம் கூட்டிக்கொண்டே போகிறார்களே?

நம் கண் ஏமாறுகிறது. 2009-இல் பெர்லினில் உசைன் போல்ட் 9.58 நொடியில் உலக சாதனை படைத்த ஓட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 60 முதல் 80 மீட்டர் வரை அவருக்கு 1.61 நொடி ஆனது. கடைசி 20 மீட்டருக்கு 1.66. உலகத்திலேயே வேகமான மனிதரும் கடைசியில் வேகம் குறைந்துதான் கோட்டைக் கடந்தார். மற்றவர்கள் அவரைவிட அதிகமாகக் குறைந்ததால் அவர் வேகம் கூட்டுவது போலத் தெரிந்தது.

8. லாக்டிக் ஆசிட் சேர்வதால்தானே மறுநாள் கால் வலிக்கிறது?

இல்லை. ஓட்டத்தில் கூடும் லாக்டேட் (லாக்டிக் ஆசிட் என்று நீங்கள் சொல்வது இதைத்தான்) ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்குள் பழைய அளவுக்கு வந்துவிடும். இதயமும் மற்ற தசைகளும் அதை எரிபொருளாகவே எடுத்துக்கொள்கின்றன. ஒன்று முதல் மூன்று நாள் வரை இருக்கும் வலி, பழக்கமில்லாத வேலையால் தசை நார்களில் ஏற்படும் நுண்ணிய சேதத்தால் வருவது.

9. கபடி பிளேயர் 80 கிலோ, ஓட்டக்காரர் 60 கிலோ. ரெண்டு பேரையும் எப்படி ஒப்பிடுவது?

3-ஆம் கேள்வியில் உள்ள சூத்திரத்தில் எடை பெருக்கலில் வருவதை மறுபடி பாருங்கள். ராமு ஓடிய அதே ஆறு நேரங்களை 80 கிலோ எடையுள்ளவர் ஓடினால் முதல் ஓட்ட பவர் 784 வாட் ஆகிவிடும். சோர்வுக் குறியீடும் 5.3-இலிருந்து 7.1-க்கு ஏறிவிடும். இருவரும் நொடி பிசகாமல் ஒன்றாகத்தான் ஓடினார்கள். கனமானவருக்குக் களைப்பு அதிகம் என்று அட்டவணை சொல்கிறது!

எனவே பவரை உடல் எடையால் வகுத்து, கிலோவுக்கு எத்தனை வாட் என்று எழுதுங்கள். களைப்புக்கு நேரத்தின் சதவீத இழப்பை எடுங்கள். அதில் எடையே நுழையாது. கபடிக்காரர்களுக்குக் களைப்பு எண் அதிகம் என்று யாராவது எழுதியிருந்தால், அது எந்த அலகில் என்று முதலில் பாருங்கள்.

10. எங்கள் காலேஜில் நேரத்தைத் தானாக அளக்கும் எலக்ட்ரானிக் கேட் கிடையாது. ஸ்டாப்வாட்ச் போதுமா?

போதும், ஆனால் கவனம் வேண்டும். நேரத்தின் கனத்தால் வகுப்பதால், நேரத்தில் 1 சதவீதப் பிழை பவரில் ஏறக்குறைய 3 சதவீதப் பிழையாக வளர்ந்துவிடும். 5.00 நொடி ஓட்டத்தை 4.90 என்று எடுத்துவிட்டால் ராமுவின் 588 வாட் 625 ஆகிவிடுகிறது. கையால் எடுக்கும் நேரம் வழக்கமாகக் குறைவாகத்தான் வரும். 100 மீட்டரில் கை நேரத்தோடு 0.24 நொடி சேர்த்து மின்னணு நேரத்துக்கு மாற்றும் வழக்கம் அதனால்தான்.

எல்லா அணிக்கும் ஒரே ஆள் நேரம் எடுக்கட்டும். முடிந்தால் இரண்டு பேர் எடுத்துச் சராசரி பாருங்கள். கைபேசியில் நொடிக்கு 240 படம் எடுக்கும் வசதி இருந்தால், முடிவுக் கோட்டுக்கு நேராக வைத்துப் படம்பிடித்துப் பின்னால் எண்ணுவது இன்னும் நல்லது.

11. காலையில் ஒரு டீம், சாயங்காலம் ஒரு டீம் என்று வைத்தால் என்ன?

மாலையில் உடல் வெப்பம் கொஞ்சம் கூடியிருக்கும். குறுகிய ஓட்டத்தில் பவர் காலையைவிட மாலையில் சில சதவீதம் அதிகம் வருவது பலமுறை பார்த்த விஷயம். நீங்கள் கண்டுபிடிக்க நினைக்கும் வித்தியாசமே அவ்வளவுதான் இருக்கலாம். ஹாக்கிக்காரர்களை டர்ஃபிலும் கபடிக்காரர்களைச் செம்மண் தரையிலும் ஓடவிடுவது, ஒருவர் ஸ்பைக் போட்டும் இன்னொருவர் வெறுங்காலுமாக ஓடுவது, இவையும் அப்படித்தான். போட்டிகளுக்கு நடுவில் இருக்கும் அணியையும் விடுமுறை முடிந்து வந்த அணியையும் ஒன்றாக வைத்துப் பார்க்காதீர்கள்.

நம் ஊர் வெயிலில் தொடைத்தசை சூடாக இருப்பது ஒரே ஓட்டத்துக்கு நல்லதுதான். ஆனால் உடம்பு முழுக்கச் சூடேறிவிட்டால் அடுத்தடுத்த ஓட்டம் கெட்டுவிடும். ஏப்ரல், மே மாதங்களில் காலை ஏழரைக்குள் முடித்துவிடுங்கள்.

12. பசங்க முதல் ஓட்டத்தை வேணும்னே மெதுவா ஓடுகிறார்கள். என்ன செய்வது?

ஆறு முறை ஓட வேண்டும் என்று தெரிந்தால் யாருக்கும் கொஞ்சம் சேமித்துவைக்கத் தோன்றும். அப்படிச் செய்தால் களைப்பு எண் அழகாகக் குறையும். 4-ஆம் கேள்வியின் பொறி இது. வார்ம்அப் முடிந்ததும் தனியாக ஒரே ஒரு 35 மீட்டர் முழு வேகத்தில் ஓடவிட்டு நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடம் ஓய்வு கொடுங்கள். பிறகு ஆறில் முதல் ஓட்டம் அந்த நேரத்தைவிட 5 சதவீதத்துக்கு மேல் மெதுவாக இருந்தால் அங்கேயே நிறுத்தி, ஓய்வு கொடுத்து, மறுபடி தொடங்க வேண்டும். இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் பெரும்பாலும் யாரும் மெதுவாக ஓட மாட்டார்கள்.

13. கபடி, பேட்மிண்டன் ஆட்களை நேராக 35 மீட்டர் ஓடவிடுவது நியாயமா?

பேட்மிண்டன் களம் 13.4 மீட்டர், கூடைப்பந்து 28 மீட்டர். இவர்களில் யாரும் ஆட்டத்தில் 35 மீட்டர் நேராக ஓடுவதே கிடையாது. வேகமெடுப்பது, நிற்பது, திரும்புவது, இவைதான் அவர்களுடைய வேலை. நேர் ஓட்டத்தில் தடகளக்காரர் முன்னால் வருவதில் புதிதாகத் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை.

எல்லா அணிக்கும் பொதுவாக ஒரு சோதனை வேண்டுமென்றால் ராஸ்ட் இருக்கட்டும். கூடவே 20 மீட்டர் போய்த் திரும்பி 20 மீட்டர் வருவதை ஆறு முறை, 20 நொடி இடைவெளியில் வைத்துப் பாருங்கள். வரிசை மாறுவதைக் கண்ணால் பார்க்கலாம்.

14. பெண்கள் டீமுக்குக் களைப்பு குறைவாக வருகிறது. கணக்கில் தப்பா?

தப்பில்லை, வழக்கமாக அப்படித்தான் வரும். முதல் ஓட்டத்தின் பவர் சமமாக உள்ள ஆணையும் பெண்ணையும் எடுத்து ஒப்பிட்டால் அந்த வித்தியாசத்தில் பெரும்பகுதி மறைந்துவிடும். காரணம் 4-இல் சொன்னதே.

15. எட்டு வாரம் பயிற்சி கொடுத்தேன். களைப்பு எண் கூடிவிட்டது. எல்லாம் வீணா?

மொத்த நேரம் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். குறைந்திருந்தால் பயிற்சி பலித்திருக்கிறது. முதல் ஓட்டம் நிறைய வேகமாகி, கடைசி ஓட்டம் கொஞ்சம் வேகமானால் களைப்பு எண் ஏறத்தான் செய்யும். அந்த மாணவரிடம் "உனக்குக் களைப்பு கூடிப்போச்சு" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், மனம் விட்டுப்போவார்.

இரண்டு விதப் பயிற்சியும் வேண்டும். வாரத்தில் ஒருநாளாவது முழு ஓய்வோடு கூடிய வேக ஓட்டம். இதை உடம்பு புதிதாக இருக்கும்போது செய்ய வேண்டும். இன்னொரு நாள் சில நிமிட ஓட்டம், சில நிமிட மெது ஓட்டம் என்று மூச்சுத் திறனை வளர்ப்பது. 5-இல் சொன்ன மீட்சி வேலை இதில்தான் கூடும். தினமும் ராஸ்டையே பயிற்சியாக வைப்பது தொடைப் பின்தசைக் காயத்தில்தான் கொண்டுபோய் விடும்.

16. கிரியேட்டின் பவுடர் சாப்பிட்டால் களைப்பு குறையுமாமே?

அடுத்தடுத்த குறுகிய ஓட்டங்களுக்கு அது உதவும் என்பதற்கு நல்ல ஆதாரம் உண்டு. தடைப் பட்டியலிலும் இல்லை. நாளுக்கு 3 முதல் 5 கிராம் என்பது வழக்கமான அளவு. எடை ஒன்றிரண்டு கிலோ கூடலாம். ஆனால் கலப்படப் பவுடரால் ஊக்கமருந்து சோதனையில் சிக்கும் ஆபத்து நிஜம். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. சாப்பாடும் தூக்கமும் ஒழுங்காக இல்லாத ஹாஸ்டல் மாணவருக்கு நான் பவுடரைப் பரிந்துரைப்பதில்லை.

17. டெஸ்ட் முடிந்ததும் ஒரு பையன் வாந்தி எடுத்தான். ஆபத்தா?

பெரும்பாலும் இல்லை. சாப்பிட்டு இரண்டு மணி நேரம்கூட ஆகாமல் ஓடியிருப்பார். சட்டென்று நிற்கவோ படுக்கவோ விடாமல் மெதுவாக நடக்கவையுங்கள். ரத்தம் காலிலேயே தேங்குவதால்தான் மயக்கம் வருகிறது. நெஞ்சுவலி, நினைவு தடுமாறுவது, ஓடும்போதே மயங்கி விழுவது இவற்றில் எது வந்தாலும் உடனே மருத்துவமனைதான்.

கோட்டுக்கு அப்பால் இரண்டு பக்கமும் குறைந்தது 10, 15 மீட்டர் காலி இடம் விடுங்கள். ஆரம்ப காலத்தில் ஒரு சுற்றுச்சுவர்ப் பக்கமாக நான் கோனை வைத்துவிட்டேன். ஒரு மாணவர் நிற்க முடியாமல் சுவரில் மோதி மணிக்கட்டு வீங்கிப்போனது. அதிலிருந்து முதல் வேலையாக அந்த இடத்தைத்தான் அளக்கிறேன்.

18. அனோவாவில் வித்தியாசம் 0.05 மட்டத்தில் வந்துவிட்டது. "கால்பந்து ஆடினால் களைப்பு குறையும்" என்று முடிவில் எழுதலாமா?

எழுதக் கூடாது. அணிகளின் சராசரிகளை ஒப்பிடும் புள்ளியியல் சோதனைதான் அனோவா. 0.05 மட்டத்தில் வந்தது என்றால், அணிகளுக்குள் உண்மையில் வித்தியாசமே இல்லாவிட்டால் இப்படி ஒரு வித்தியாசம் வர வாய்ப்பு 5 சதவீதத்துக்கும் குறைவு என்பது மட்டும்தான். நீங்கள் ஒரே நாளில் வெவ்வேறு அணிகளை அளந்திருக்கிறீர்கள். கால்பந்து அவர்களை அப்படி ஆக்கியதா, அப்படிப்பட்ட உடம்பு உள்ளவர்கள்தான் பள்ளியிலிருந்தே கால்பந்துக்குத் தேர்வாகி வந்தார்களா என்பதை இந்த அளவு சொல்லாது. இரண்டும் கலந்திருக்கும். அதைப் பிரித்துப் பார்க்க வேண்டுமானால் அதே ஆட்களைப் பல மாதம் தொடர்ந்து அளக்க வேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. அதே ஆளை அடுத்த வாரம் மறுபடி ஓடவிட்டால் மொத்த நேரம் ஏறக்குறைய அப்படியே வரும். களைப்பு எண் மட்டும் நிறைய ஆடும். இரண்டு அளவுகளின் வித்தியாசத்திலிருந்து கிடைக்கிற எண் அது, ஆகவே இரண்டின் பிழையும் அதில் சேர்கிறது. அணிக்குப் பத்துப் பேர், அதிலும் இருவர் கோல்கீப்பர்கள் என்றால் அந்த எண்ணின் மேல் பெரிய முடிவைக் கட்ட முடியாது. பாதிப் பேரையாவது ஒரு வாரம் கழித்து மறுபடி ஓடவிட்டு, எவ்வளவு ஆடுகிறது என்பதை ஆய்வேட்டில் எழுதுங்கள். கோல்கீப்பர்களைத் தனியாக வையுங்கள்.

முடிவில் இப்படி எழுதலாம்: "இந்த மாணவர்களில், இந்தச் சோதனையில், கால்பந்து அணியின் மொத்த நேரம் இவ்வளவு, சிறந்த ஓட்டம் இவ்வளவு, சதவீத இழப்பு இவ்வளவு, மற்ற அணிகளோடு வித்தியாசம் இவ்வளவு." ஆறு ஓட்டங்களின் நேரத்தையும் அணிவாரியாக ஒரு வரைபடத்தில் போட்டுக்காட்டுங்கள். யார் வேகமாகத் தொடங்கினார், யார் எங்கே சரிந்தார் என்பதை வாசிக்கிறவர் அதிலேயே பார்த்துக்கொள்வார்.